நான் கடையில் இல்லாத இரண்டு வாரங்கள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே மூவரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்றே எடுத்துக்கொள்கிறேன், உறுதிசெய்ய ரகசியமாக யாரையும் அனுப்பவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. சமையலறைக் குழாயை மாற்றினோம், பழையது ஒழுகிய இடத்திலேயே புதியதும் ஒழுகுகிறது.

போன மாதம் என்னையும் அம்மாவையும் ஏரிக்கரை விடுதிக்கு இரண்டு வாரம் அனுப்பிவைத்தாயே, அங்கே சாப்பாட்டு மேசையில் கண்ணில் பட்டவரிடமெல்லாம் "எம் பொண்ணு அனுப்பிவெச்சது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் மூன்றாவது முறை கேட்டதும் வேறு மேசைக்குப் போய்விட்டார். திரும்பி வந்த வாரம் கண்ணாடிக் கடையில் ஒரு பஸ் ஓட்டுநருக்குக் கொடுக்க அவருடைய கண்ணாடிப் பெட்டியை எடுத்தேன். நம் கடையில் எந்தக் காகிதமும் வீணாவதில்லை என்பது உனக்குத் தெரியும், லென்ஸ் அளவை ஏற்கெனவே அச்சடித்த தாளின் பின்பக்கம் எழுதிப் பெட்டிக்குள் வைப்போம். உன் தம்பியும் அப்படியே வைத்திருந்தான். தாளைத் திருப்பினால் நீ அவனுக்கு அனுப்பிய அறிக்கை. உரிமையாளர் இருந்த இரண்டு வாரம், நாற்பத்தோரு கண்ணாடி. உரிமையாளர் இல்லாத இரண்டு வாரம், அறுபத்து மூன்று. பரிந்துரை: உரிமையாளர் கடைக்கு வருவதைப் படிப்படியாகக் குறைக்கலாம். முப்பத்தொரு வருடம் நடத்திய கடையில் நான் ஒரு பத்தியின் தலைப்பாக இருந்தேன்.

தம்பியைக் கேட்டேன். "அக்காதான்ப்பா சும்மா ஒரு டெஸ்ட்டுன்னு சொன்னா" என்றான். அம்மாவுக்கும் தெரியுமாம். "ஏரி நல்லாத்தானே இருந்துச்சு?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

கோபத்தோடு அலமாரியில் நீ விட்டுப்போன சந்தை ஆய்வுப் பாடப்புத்தகத்தை எடுத்துப் படித்தேன். நல்ல புத்தகம், நீயும் ஒருமுறை படிக்கலாம். சிக்கல் என்னவென்றே புரியாதபோது முதலில் நாலு பேரிடம் உட்கார்ந்து பேசு என்கிறது. சிக்கல் புரிந்து, யார், எத்தனை பேர் என்று தெரியவேண்டுமானால் கணக்கெடுப்பு நடத்து என்கிறது. இதுதான் காரணமோ என்று ஒன்றின்மேல் சந்தேகம் விழுந்த பிறகுதான் சோதனை. கடையில் ஏன் வியாபாரம் குறைகிறது என்பது உன் கேள்வி. நீ யாரிடமும் பேசவில்லை, நேரே மூன்றாவதற்குப் போய்விட்டாய். அப்படியென்றால் சந்தேகம் என்மேல் முன்பே விழுந்திருக்கிறது. சோதனை வைத்தது எனக்குப் பெரிய வலி இல்லை மகளே, அதற்கு முன் என்னைச் சந்தேகித்த அந்த ஒரு நிமிடம்தான்.

நீ விட்ட வேலையை நான் செய்தேன், பத்துப் பேரிடம் பேசினேன். எதிர்க்கடைத் தையல்கார அம்மா, "நீங்க இல்லாதப்ப உங்க பையன் ரெண்டு ஜோடி தலையில கட்டிட்டாரு, ஒண்ணு போதும்னு சொல்ல ஆளில்ல" என்றாள். பஸ் ஓட்டுநரோ, "சார், நீங்க இருந்தா எம் மூக்கைப் பத்தி ஏதாவது சொல்லுவீங்க, அதான் நீங்க இல்லாத நேரமாப் பாத்து வந்தேன்" என்றார். அதுவும் உண்மைதான், அந்த மூக்கில் எந்த ஃப்ரேமும் நிற்காது. பழைய கண்ணாடியே போதும், திருகை மட்டும் முடுக்கித் தருகிறேன் என்று நான் திருப்பி அனுப்பியவர்கள் உன் நாற்பத்தொன்றில் இல்லை. அவர்கள் ஐந்து வருடம் கழித்துப் பிள்ளைகளோடு வருவார்கள், இரண்டு வார ஆய்வுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

"அப்பா, கொஞ்ச நாள் வீட்ல இருங்க" என்று நீ போனில் சொல்லியிருந்தால் மூன்று நாள் முனகிவிட்டு இருந்திருப்பேன். இப்போது யார் உள்ளே வந்தாலும் மனம் எண்ண ஆரம்பிக்கிறது. நேற்று ஒரு ஆசிரியை வந்தாள். பழைய பவர் மாறவே இல்லை. புது ஃப்ரேம் முகத்துக்கு எடுப்பாக இருக்கிறது என்றேன், இருக்கவில்லை. சந்தோஷமாக வாங்கிப்போனாள். அன்று மாலையே சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். உன் பரிந்துரையில் படிப்படியாக என்று இருந்தது, அதை மட்டும் பின்பற்ற முடியவில்லை.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. நீங்கள் இருவரும் குறைவில்லாமல் நெடுநாள் வாழவேண்டும். வேளைக்குச் சாப்பிடு. தலைவலி என்று அம்மாவிடம் சொன்னாயாமே, கண்ணைப் பரிசோதித்துச் சீட்டை எனக்கு அனுப்பு. கண்ணாடி மாற்றத் தேவையில்லை என்றால் தேவையில்லை என்றே எழுதுவேன்.

இப்படிக்கு,
வீட்டில் இருக்கும் உன் அப்பா