என் பேரில் உள்ள மாத்திரை

12-11-1970
என் மாத்திரைப் புட்டியில் இன்றும் இரண்டு குறைகிறது. இவரைக் கேட்டேன். தானே போட்டுக்கொள்கிறாராம். ரத்தக் கொதிப்புக்கு மன்னார்குடி டாக்டர் ஜெய்னுலாபுதீன் எனக்கு எழுதித் தந்தது. "ஒனக்குக் கேக்குறது எனக்குக் கேக்காதா?" என்கிறார். நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து பத்து ஏக்கரை என் பேருக்கு மாற்றினாரே, அந்தக் கணக்குதான் போலிருக்கிறது. பேர் எனக்கு, பலன் அவருக்கு.

30-11-1970
கொதிப்பு இறங்கிவிட்டதாம், பெருமை தாங்கவில்லை. உடம்புக்குக் குளுமையென்று தினமும் நாலு இளநீர் வேறு.

17-1-1971
அறுவடை. வெற்றுடம்போடு களத்தில் நிற்கிற மனுஷர் சட்டை போட்டு, மேலே துண்டும் போர்த்தியிருக்கிறார். மார்பு இரண்டும் வீங்கி, தொட்டால் வலிக்கிறதாம். எனக்கு மட்டும் காட்டினார். சிரித்துவிட்டேன், தப்புதான். அந்த மீசைக்குக் கீழே அது! டாக்டரிடம் போக வெட்கமாம். அந்தப் பத்து ஏக்கரைக் குத்தகைக்கு உழுகிற துரைராசு, குத்தகையைப் பதியச் சொல்லி மனுப் போட்டிருக்கிறார்; அவரை வயலைவிட்டுப் போகச் சொல்ல மட்டும் வெட்கமில்லை.

2-2-1971
வரப்பில் கால் துவண்டு விழுந்துவிட்டார். துரைராசுதான் தூக்கி வந்தார். நாடி விட்டுவிட்டு அடிக்குது. ஐயோ, அன்னைக்கே நான் ஏன் புட்டியப் பூட்டி வைக்கல?

4-2-1971
தஞ்சாவூர் ஆஸ்பத்திரி. கண்டம் தாண்டிவிட்டது. டாக்டர் வந்து விளக்கினார். அந்த மாத்திரை ஆண்களுக்குரிய சுரப்பையும் தடுக்குமாம். பெண்ணுக்கு அது வெளியே தெரியாது, ஆணுக்கு மார்பில் தெரியும். பொட்டாசியம் என்று ஓர் உப்பு. அதைச் சிறுநீரகம் வெளியே தள்ளாமல் மாத்திரை பிடித்து வைக்கும். இளநீரில் அதுதான் நிறைய. அது மிஞ்சினால் இதயமே நின்றுபோகுமாம். "இராஜாங்கம், அது ஒங்க பேருக்கு எழுதினதில்லீங்க," என்றார் இவரிடம். இவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது.

19-2-1971
துரைராசுவின் குத்தகை மனுமேல் விசாரணை. இவரால் இன்னும் நடக்க முடியவில்லை. நில உடைமைக்காரி நான்தானே, என்னைத் தனியாக அனுப்பினார். துரைராசு யாரென்றே தெரியாது, நாங்களே பயிர் செய்கிறோம் என்று சொல்லும்படி மூன்று முறை ஒப்பிக்க வைத்தார். அதிகாரி, நிலம் யாருடையது என்று கேட்டார். கல்யாணமான இந்த இருபத்தாறு வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"என்னுதுங்க. உழுவுறது துரைராசு. அப்புடியே எழுதிக்குங்க."

வீடு வந்ததும் என்ன ஆயிற்று என்றார். நல்லபடியாக முடிந்தது என்றேன். அதிர்ச்சி கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.