இரண்டு படங்களிலும் ஒரே குமிழ்

வெள்ளவத்தை, செவ்வாய் இரவு

என்னோடு ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் நிரோஷன் தந்த சோதனைப் படங்களை இன்று பின்னேரம் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். பார்க்காமலே விட்டிருக்கலாம்.

ஈரல் கலங்களில் எந்த மரபணு இயங்கவேண்டும் என்று தீர்மானிக்கும் ஒரு புரதத்தைத்தான் எங்கள் ஆய்வுகூடத்தில் மூன்று வருடமாக ஆராய்கிறோம். அதை அடக்கினால் கலம் அல்புமின் என்ற இரத்தப் புரதத்தைச் செய்வது குறைந்துவிடும் என்பது எங்கள் முடிவு. முதல் சோதனையில் அது குறைந்ததைக் காட்ட ஒரு படம். ஒரு மாதம் கழித்துத் திரும்பச் செய்த சோதனைக்கு இன்னொரு படம். இரண்டிலும் வலது மூலையில் ஒரே காற்றுக்குமிழின் தடம் இருக்கிறது. இரண்டாவதில் வெளிச்சத்தை மட்டும் கூட்டியிருக்கிறான். அப்படியென்றால் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்யவே இல்லையா?

அவனிடமே கேட்டேன்.

"தற்செயலா வந்திருக்கும் அக்கா. நாளைக்குக் கட்டுரை அனுப்பவேணும், இப்ப குழப்பாதேங்கோ." அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆய்வுகூடத்தை நடத்தும் பேராசிரியரிடம் போனேன். "சேர், நிரோஷன்ர படங்களில எனக்கொரு சந்தேகம் இருக்கு" என்று மட்டும்தான் சொன்னேன்.

என்ன சந்தேகம் என்று அவர் கேட்கவில்லை. "அந்தக் குமிழை ஆர், பிள்ளை, பாக்கப்போகினம்? கட்டுரையில உம்மட பெயரும் ரெண்டாவதாக் கிடக்குதெல்லே" என்றார்.

நான் குமிழைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இந்த முடிவை நம்பி ஈரல் வியாதிக்கு மருந்து தேட யாராவது புறப்படுவார்கள். என் பெயரை எடுத்துவிடும்படி கடிதம் எழுதிவிட்டேன். அதை அவரிடம் கொடுப்பதா, அவருக்கு மேலே இருப்பவர்களிடமா என்பதுதான் தெரியவில்லை. மேலே இருப்பவர்களில் யாருக்கு இது தெரியாது என்பதும் தெரியவில்லை.