வரிசையின் கடைசிக் கப்பல்

எம்டன்
9 பிப்ரவரி 1915, செவ்வாய்க்கிழமை

மாப்பிள்ளை கெரிட்டுக்கு,

ஹில்கேயும் குழந்தையும் நலம். உங்கள் ஜனவரி 29 தேதியிட்ட அட்டை பிப்ரவரி 5 அன்றுதான் கிடைத்தது. அதில் நலம் விசாரிப்பைத் தவிர ஒன்றுமில்லை.

ஜனவரி 24, ஞாயிற்றுக்கிழமை, ‘புளூஹர்’ போர்க்கப்பல் மூழ்கியது. இன்றோடு பதினாறு நாட்கள். ஆங்கிலேயர் மீட்ட கைதிகளின் முதல் பட்டியல் வந்துவிட்டது. நம் ரெம்மரின் பெயர் அதில் இல்லை. வேவுப் பிரிவின் தலைமைக் கப்பலில் கொடிச் சைகை கட்டுபவர் நீங்கள். என் மகனை விட்டுவிட்டு மற்ற கப்பல்கள் திரும்பியது எந்த நேரத்தில், யார் ஆணையால் என்பது உங்களுக்குத் தெரியாமல் இராது.

ரெம்மரை அந்தக் கப்பலுக்கு மாற்றச் செய்தவர் நீங்கள் என்று உங்கள் அத்தை உறுதியாக நம்புகிறாள். மார்ச் 14 அன்று குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு நீங்கள் வரக்கூடாது என்கிறாள். தெரிவிப்பது என் கடமை.

ஹப்போ ட்யாடன்


வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன்
14 பிப்ரவரி 1915

அன்புள்ள மாமாவுக்கு,

தணிக்கைக்குத் தப்பவே இதை விடுப்பில் வரும் எங்கள் சமையற்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

நான்கு பெரிய கப்பல்கள் போனோம், மூன்று வந்தோம். எதிரியை நோக்கிப் போகும்போது வரிசையின் கடைசிக் கப்பல் எல்லோருக்கும் பின்னால் பத்திரமாக இருக்கும். திரும்பி ஓடும்போது துரத்துபவனுக்கு முதலில் அகப்படுவது அதுதான். ‘புளூஹர்’ பழையது, வேகமும் போதாது. எங்கள் கப்பலின் பின்புறம் எரிந்துகொண்டிருந்தது. ‘புளூஹ’ரை விட்டுவிட்டுத் திசை மாற்றும் ஆணை வந்தது. கொடியை ஏற்றியவை என் கைகள். பக்கத்தில் நின்ற கிழட்டு மாலுமி, “பின்னாடி பாக்காத, கயிறப் பாரு” என்றார். நான் பார்த்தேன், மாமா. ‘புளூஹர்’ இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது.

மாற்றத்துக்கு அலுவலகத்தில் பேசியதும் நான்தான். அத்தையிடம் அப்படியே சொல்லுங்கள்.

கெரிட்


எம்டன்
22 பிப்ரவரி 1915, திங்கட்கிழமை

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை எரித்துவிட்டேன். என்னுடைய 11 அக்டோபர் 1914 தேதியிட்ட கடிதம் உங்களிடம் இருக்குமானால் அதையும் அவ்வாறே செய்யவும். ரெம்மர் இருக்கும் டார்பிடோ படகின் தகடு காகிதம் போன்றது, அவனைக் கனத்த கவசமுள்ள கப்பலில், அதுவும் வரிசையின் கடைசியில் வருவதில் சேர்க்கவும் என்று நான் எழுதியதை உங்கள் அத்தை அறியாள். முப்பத்தோராண்டு துறைமுகத்தில் கடல்மட்டம் குறித்தவன் நான். கரையிலிருந்து கப்பல்கள் புறப்படுவதையே பார்த்திருக்கிறேன். துரத்தப்பட்டு ஓடுவதைப் பார்த்ததில்லை. அந்த ஆபத்தை நீங்கள் அப்போதே எனக்கு எடுத்துரைத்திருக்கலாம்.

அவள் உடல்நிலை சரியில்லை. இப்போதைக்கு அவள் நினைப்பது அப்படியே இருக்கட்டும்.

ஹப்போ ட்யாடன்


வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன்
2 மார்ச் 1915

மாமாவுக்கு,

எடுத்துரைத்தேன். அக்டோபர் 19. “கொடி கட்டுறவன் எனக்குக் கப்பலப் பத்திப் பாடம் எடுக்க வேண்டாம்” என்று நீங்கள் பதில் எழுதினீர்கள். அதன்பிறகும் நான் போய்ப் பேசியது என் கோழைத்தனம். பெண் கொடுத்தவர் மனம் கோணக்கூடாது என்று பார்த்தேன்.

உங்கள் அக்டோபர் கடிதங்கள் இரண்டையும் எரித்துவிட்டேன். ஹில்கேயிடமும் சொல்லமாட்டேன். 13 முதல் 16 வரை எனக்கு விடுப்பு. இதற்குப்பின் எப்போது கிடைக்கும், கிடைக்குமா என்று தெரியாது. என் மகனை நான் ஒருமுறைகூடத் தூக்கியதில்லை. தேவாலயத்துக்கு வெளியே நிற்கவாவது அத்தையிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

கெரிட்


எம்டன்
9 மார்ச் 1915, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள கெரிட்,

இரண்டாவது பட்டியல் நேற்று, 8ஆம் தேதி, காலைத் தபாலில் வந்தது. ரெம்மர் அதிலும் இல்லை. இனிப் பட்டியல் கிடையாது என்று கடற்படை அலுவலகம் குறிப்பெழுதியிருக்கிறது.

உங்கள் அத்தை பட்டியலை மடித்து வைத்துவிட்டு வழக்கம்போல உங்கள் பெயரைச் சொல்லத் தொடங்கினாள். அக்டோபர் 11ஆம் தேதிக் கடிதத்தில் இருந்ததை நான் வரி பிசகாமல் ஒப்பித்தேன். 19ஆம் தேதி நீங்கள் எழுதியதையும், நான் எழுதிய பதிலையும் சேர்த்தே சொன்னேன். அவள் அழவில்லை. கெட்டிலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள்.

“அப்போ ஒரு மாசமா மாப்பிள்ளைய நான் கரிச்சுக் கொட்டினப்போ, நீங்க எதிர்ல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருந்தீங்க” என்றாள்.

ஆமாம் என்றேன்.

“ரெம்மருக்கு நல்லதுன்னு நினைச்சுத்தான் எழுதினீங்க. அத நான் என்னிக்காவது பொறுத்துப்பேன். இத மாட்டேன்” என்றாள். பிறகு, “ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வரட்டும். நீங்க வரவேண்டாம்” என்றாள்.

எனக்காக அவளிடம் நீங்கள் பரிந்து பேசக்கூடாது. இதை வேண்டுகோளாகவே எழுதுகிறேன்.

வழிபாடு காலை பத்து மணிக்கு. உங்கள் ரயில் சனிக்கிழமை மாலை 4.20க்கு எம்டன் வந்துசேரும்; ஹில்கே குழந்தையோடு நிலையத்துக்கு வருவாள். குளிர் அதிகம், அங்கே நெடுநேரம் நிற்க வேண்டாம். நான் நிலையத்துக்கும் வரப்போவதில்லை. அதை உங்கள் அத்தை சொல்லவில்லை, நானே முடிவு செய்தது.

ஹப்போ