ஏழாம் கீயும் எட்டாம் கீயும்

பண்டத்தரிப்பு,
புரட்டாதி 12.

அன்பு மகன் தனோஜனுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். அங்கே நீயும் மருமகளும் சின்னவளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று பிள்ளையாரிடம் சொல்லிவிட்டு இதை அடிக்கத் தொடங்குகிறேன். நீ கேட்கப்போகிற கேள்விக்கு முதலே பதிலைச் சொல்லிவிடுகிறேன். பெரியமாமாவின் நினைவு மலர் பிழையில்லாமல் வந்துவிட்டது. நேற்று முப்பத்தோராம் நாளும் குறைவில்லாமல் முடிந்தது. ஜெயகௌரி மாமிக்கு என்னோடு கோபம் இல்லை. இன்று காலையில் தேத்தண்ணி குடித்தபோதுதான் பத்து நாளாக நான் அதை ருசி தெரியாமல் குடித்திருக்கிறேன் என்பது விளங்கியது. அவ்வளவு பெரிய பாரம் இறங்கியிருக்கிறது மகன்.

அன்றைக்கு உங்கள் ஊரில் விடியுமுன் போன் எடுத்து உன்னை நித்திரையால் எழுப்பி, ஒன்றையும் ஒழுங்காகச் சொல்லாமல் அழுதேன். நீ பாவம், அம்மா மெனு வேலை செய்யேல்லையோ, திருப்பி ஒருக்கா மூடித் திறந்து பாருங்கோ என்று சொல்லிக்கொண்டிருந்தாய். மெனு நன்றாகத்தான் வேலை செய்தது, அதுதான் கரைச்சல். நடந்ததை முதலில் இருந்து எழுதினால்தான் உனக்கும் விளங்கும், எனக்கும் நெஞ்சு ஆறும். அதனால்தான் வட்ஸ்அப்பை விட்டுவிட்டுக் கடிதமாகவே அடிக்கிறேன், அதுவும் நீ செய்து தந்த எடிற்றரிலேயே.

போன வருடம் லீவில் வந்து நின்றபோது நீ இதைப் போட்டுத் தந்தாய். அதற்கு முதல் நான் வேர்ட்டில் அடித்த மலர்களின் சீர் உனக்குத் தெரியும். தேவாரம் நாலு வரியாக நிற்காது, படத்தைக் கொஞ்சம் அசைத்தால் பின்னால் உள்ள பக்கங்கள் எல்லாம் கலைந்து ஓடும். நீ வெறும் எழுத்து மட்டும் அடிக்கிற எடிற்றர் ஒன்றைக் கொண்டுவந்து, குறிகளைப் போட்டால் பக்கத்தை மெசின் தானே கட்டும் என்றாய். சாய்கோடும் சுருட்டை அடைப்பும் போட்டு நீ அடித்துக் காட்டியதைப் பார்த்துவிட்டு, முப்பத்திரண்டு வருடம் கந்தோரில் ரைப் அடித்த எனக்கு உந்தக் கோழிக்கீறல் வேண்டாம் என்று சொன்னேன். நீ கோபிக்கவில்லை. இரண்டு நாள் குந்தியிருந்து மேலே மலர் என்று ஒரு மெனுவே வைத்துத் தந்தாய். தலைப்பு, தேவாரம், படம், புதுப் பக்கம், வம்சாவளி என்று எல்லாம் தமிழிலேயே. எலியைத் தேடிப் பிடிக்க அம்மாவுக்குப் பொறுமை இல்லை என்று ஒவ்வொன்றுக்கும் மேல்வரிசையில் ஒரு கீயும் வைத்தாய். அதற்குப் பிறகு எட்டு மலர் அடித்துவிட்டேன். ஊரில் ஆர் வீட்டில் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் என்றாலும் இப்போது படத்தையும் எழுதிய கொப்பியையும் கொண்டு என்னிடம்தான் வருகிறார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வம்சாவளிக்கு நீ வைத்த கீ இரண்டு. போய்ச் சேர்ந்தவர் என்றால் ஏழாம் கீ, பெயருக்கு முன்னால் அமரர் என்று விழும். இருக்கிறவர் என்றால் எட்டாம் கீ, அது எந்த இடம் என்று கேட்கும், நாங்கள் கனடா, லண்டன், கொழும்பு என்று எதைக் கொடுக்கிறோமோ அது பெயருக்குப் பின்னால் அடைப்புக்குள் போய் இருக்கும். நம்முடைய ஆட்களின் மலரில் இந்த இரண்டும்தானே வழக்கம். ஒவ்வொரு பெயராகப் போடாமல் பல வரிகளை ஒன்றாகத் தெரிவு செய்து ஏழை அமத்தினால் எல்லாவற்றுக்கும் ஒரே தடவையில் அமரர் விழும் என்று நீ காட்டித் தந்தபோது, மகன் இதல்லோ வேலை என்று சிரித்தேன்.

பெரியமாமாவின் மலரை வேறொருவரிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கூடப் பிறந்த அண்ணை, என் கையால்தான் போக வேண்டும் என்று இருந்தது. வம்சாவளியில் உடன்பிறப்பு என்ற இடத்தில் என் பெயரைத்தான் முதலில் அடித்து எட்டாம் கீயால் பண்டத்தரிப்பு என்று போட்டேன். அதன் பிறகு அப்பு, ஆச்சி, மாமிவழிக் கிழவன் கிழவி என்று போனவர்கள் பெயர்கள் பத்துப் பன்னிரண்டு வரிசையாக, அவற்றுக்குக் கீழே அண்ணையின் பிள்ளைகள் மூன்று பேரும். மேலே இருந்து தெரிவு செய்துகொண்டு வந்த கை நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் மூன்று வரி கூடப் போய்விட்டது. ஏழை அமத்தினேன். சிவகௌரிக்கும் கஜந்தினிக்கும் முன்னால் அமரர் விழுந்ததைக் கண்டவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டு எடுத்துவிட்டு, ஒருத்திக்குக் கனடா, மற்றவளுக்கு லண்டன் என்று எட்டாம் கீயைப் போட்டேன். நிருஷனுக்கு முன்னால் விழுந்ததை எடுக்கவில்லை.

காணாததால் எடுக்காமல் விட்டேன் என்று எழுதினால் லேசாக இருக்கும். கண் மங்கல், வயது போய்விட்டது என்றும் சொல்லலாம். ஆனால் மற்ற இரண்டையும் கண்ட கண் அதையும் கண்டிருக்கத்தான் வேண்டும். கண்டும் எனக்கு அது பிழையாகப் படவில்லை. அதுதான் என்னைப் போட்டு வதைத்தது. பதினெட்டு வருடத்துக்கு முன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரவுணுக்குப் போய்த் திரும்பி வராத பிள்ளை, உன்னோடு ஒரே வகுப்பில் படித்தவன், என் கையாலும் சோறு தின்றவன். அவனை என் மனம் எப்போதோ அந்தப் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டிருக்கிறது, எனக்கே சொல்லாமல். மாமியோ மரணச் சான்றிதழை எடுங்கோ, உதவி வரும் என்று படிவத்தோடு வந்தவர்களைப் படலையோடு திருப்பி அனுப்பியவள். அவனுடைய படத்தைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளைத் தேடுகிற மற்றத் தாய்மாரோடு எத்தனை வெயிலில் நின்றிருப்பாள். அவளுடைய புருஷனின் மலரில் நான் அவளுடைய பிள்ளைக்கு அமரர் போட்டிருக்கிறேன்.

குருநகரில் அச்சகம் வைத்திருக்கிற லெனாட் இரண்டு மாதிரிப் பிரதி எடுத்துத் தந்தான். ஒன்றை அப்பா அன்று பின்னேரமே மாமியிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார், முகப்புப் படத்தை அவள் பார்த்துச் சரி சொல்ல வேண்டும் என்று. மற்றதை அடுத்த நாள் காலை நாங்கள் ஒத்துப் பார்த்தோம். கந்தோரில் செய்கிற மாதிரித்தான், ஒருவர் பலத்து வாசிக்க மற்றவர் கையெழுத்துக் கொப்பியைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். அப்பா வாசித்துக்கொண்டு வந்தார், சிவகௌரி கனடா, கஜந்தினி லண்டன் என்று வாசித்தார், அடுத்த பெயரில் நிறுத்திவிட்டார். நிமிர்ந்து பார்த்தேன். தாளை மேசையில் வைத்துவிட்டு, உதை நீ போட்டனியோ என்று கேட்டார். எழும்பிக் கிணற்றடிப் பக்கம் போய்விட்டார். அப்போதுதான் உனக்குப் போன் எடுத்தேன்.

நீ ஒருவாறு விளங்கிக்கொண்டு, மூண்டாவது கீ ஒண்டு போட்டு அனுப்பிறன் அம்மா, அதிலை பேர் மட்டும் வரும், முன்னுக்கும் பின்னுக்கும் ஒண்டும் வராது என்று சொன்னாய். அது எனக்கு ஒரு பிடி மாதிரி இருந்தது. லெனாட்டுக்கு அடித்துக் கேட்டேன். தாள் வெட்டியாச்சு அக்கா, இன்னும் மெசினிலை ஏத்தேல்லை என்றான். ஏற்றாதே என்று சொல்லிவிட்டு அப்பாவையும் கூப்பிடாமல் நடந்தே மாமி வீட்டுக்குப் போனேன். அவள் அதுவரை தாளைத் திறந்திருக்கக் கூடாது, கண்ணாடியைக் கண்டெடுத்திருக்கக் கூடாது என்று வழியெல்லாம் நேர்ந்துகொண்டுதான் போனேன்.

அவள் பின்விறாந்தையில் கண்ணாடியோடு இருந்தாள், மடியில் தாள், கையில் நீலப் பேனை. என்னைக் கண்டதும், வா ஞானம், உனக்குத்தான் சொல்லி அனுப்ப இருந்தனான், இதிலை ஒரு சொல்லு கூடிப்போச்சு என்றாள். அமரர் என்றதை வடிவாக ஒரு கோடு இழுத்து வெட்டியிருந்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கொப்பியைத் திருத்துகிற மாதிரி ஒற்றைக் கோடு. நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். அழாதை, உன்ரை மெசின் போட்டிருக்கும், நீ வேணுமெண்டு போடமாட்டாய் எண்டு எனக்குத் தெரியாதோ என்று என் தலையைத் தடவினாள். நான் ஓம் என்று சொல்லிவிட்டு எழும்பி வந்திருக்கலாம். எனக்கு முடியவில்லை. மூன்று பேருக்கு விழுந்தது மச்சாள், இரண்டை எடுத்தனான், இவன்ரையை எடுக்காமல் விட்டது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவள் பேனையை மூடி வைத்தாள். பிறகு, எனக்கும் சில நாளையிலை அப்பிடித்தான் வரும், காலமை எழும்பினாப் போயிடும் என்றாள். இத்தனை வருடத்தில் அவள் வாயில் இருந்து அப்படி ஒரு சொல் நான் கேட்டதில்லை.

உன்னுடைய மூன்றாவது கீயைப் பற்றிச் சொன்னேன். பெயர் மட்டும் வரும், ஒருவரும் ஒன்றும் சொல்ல முடியாது என்று. அவள் வேண்டாம் என்றாள். தனியப் பேர் நிண்டா ஆர் பெத்த பிள்ளையோ எண்ட மாதிரி இருக்கும், தமக்கைமாருக்கு என்ன போட்டியோ அதையே போடு என்றாள். அது இடம் கேட்குமே மச்சாள், என்ன கொடுக்க என்று கேட்டேன். நான் என்னவோ தெரியாத கேள்வி கேட்டுவிட்ட மாதிரிப் பார்த்தாள். பண்டத்தரிப்பு எண்டு குடு, அவன் வேறை ஊரிலை போய்க் குடியிருக்கேல்லையே, கட்டில் இஞ்சைதானே கிடக்கு என்றாள்.

வந்து அப்படியே போட்டேன். ஏழை அழித்துவிட்டு எட்டை அமத்தினேன், எந்த இடம் என்று அது கேட்டது, அடித்தேன். ஒரு எழுத்து இரண்டு முறை விழுந்தது, திருத்தினேன். நீ சொன்ன அந்த மூன்றாவது கீயும் ஒன்பதாம் கீயாக வந்து சேர்ந்தது மகன், நித்திரை முழித்துச் செய்திருப்பாய், அதைத் தொடாமல் விட்டதற்குக் கோபிக்காதே. லெனாட் திரும்ப எடுத்துத் தந்த தாளை அப்பா மூன்று முறை பலத்து வாசித்தார். அச்சாகிக் கட்டாக வந்த பிறகும் ஒவ்வொரு கட்டிலும் ஒன்றை உருவி அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். லெனாட், அக்கா எல்லாம் ஒரே தட்டிலை அடிச்சதுதான், மாறாது என்று சிரித்தான்.

நேற்று சாப்பாட்டுக்கு வந்தவர்களுக்கு மாமியே தன் கையால் மலரைக் கொடுத்தாள். நம்முடைய சனம் தெரியும்தானே, முதலில் தங்கள் பெயர் வந்திருக்கிறதோ என்றுதான் புரட்டும். அளவெட்டியில் இருந்து வந்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, தங்கச்சி, தம்பி வந்திட்டாரோ என்று மாமியிடம் கேட்டுவிட்டார். பந்தியே திரும்பிப் பார்த்தது. மாமி, வந்தா முதல் உங்களுக்குத்தான் அறிவிப்பன், இப்ப சோத்தைச் சாப்பிடுங்கோ என்று சொல்லிவிட்டு அவர் இலையில் இன்னொரு அகப்பை வைத்தாள். பிறகு எல்லோரும் பழையபடி கதைக்கத் தொடங்கினார்கள். பெரியமாமா இருந்திருந்தால் அந்த இடத்தில் சிரித்திருப்பார்.

மற்றப்படி வீட்டில் விசேஷம் இல்லை. தோட்டத்தில் வெங்காயம் கிண்டி முடிந்தது, இந்த முறை நல்ல பருமன், அப்பாவுக்குத்தான் குனிந்து குனிந்து நாரி நோகிறது, எண்ணெய் பூசச் சொன்னால் கேட்கிறார் இல்லை, நீ சொன்னால் கேட்பார். அங்கே குளிர் தொடங்கப்போகிறது, சின்னவளுக்குக் காதை மூடிக் கட்டு, காலையில் வெறும் கோப்பியோடு வேலைக்கு ஓடாதே. இனி ஒரு வேலை உனக்கு. ஏழாம் கீ பல வரிக்கு ஒன்றாக விழக் கூடாது. ஒவ்வொரு பெயராக நிறுத்தி, இவருக்குப் போடவோ என்று என்னைக் கேட்டுக் கேட்டுத்தான் போட வேண்டும். நேரம் கூடப் போனால் போகட்டும், எனக்கு அவசரமில்லை. எட்டில் ஒன்றும் மாற்றாதே, அது இருக்கிறபடியே இருக்கட்டும். உன் பெயரும் அந்த வம்சாவளியில் மருமக்கள் வரிசையில் இருக்கிறது. எந்த இடம் என்று அது கேட்டபோது நோர்வே என்று யோசிக்காமல் அடித்தேன். அன்றைக்கு மாமி வீட்டுக்குப் போய் வந்த பிறகுதான், அப்படி யோசிக்காமல் அடிக்க முடிவது எனக்கு எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று தெரிந்தது. ஆகையால் ஞாயிற்றுக்கிழமை போனைத் தவறவிடாதே, இரண்டு நிமிடம் என்றாலும் போதும். மாமிக்கும் ஒருமுறை எடு, நிருஷனைப் பற்றிக் கதை, அவளுக்கு அது பிடிக்கும்.

உங்கள் மூவருக்கும் ஒரு குறையும் வராமல் பிள்ளையார் துணை நிற்பார். கையெழுத்துப் போட இதில் பேனை இல்லை, அதனால் என் பெயரை அடித்து எட்டாம் கீயை அமத்துகிறேன். இடம் கேட்கிறது, கொடுக்கிறேன்.

என்றும் உன் அம்மா,
ஞானாம்பிகை (பண்டத்தரிப்பு)