மெஷினுக்கு நான் கொடுத்த ரத்தம்

அம்மாவுக்கு, மூத்தவள் எழுதுவது. நான் நல்லாத்தான் இருக்கேன், பயப்படாம படி. உன் முட்டிவலி தேவலையா?

எங்க ரத்தப் பரிசோதனைக் கூடத்துல, மெஷின் சரியா ஓடுதான்னு பார்க்க, நோயில்லாத ஒருத்தரோட ரத்தத்தை முதல்ல வைப்போம். நேத்து அது தீர்ந்துபோச்சு. நான்தான் குண்டுக்கல்லு மாதிரி இருக்கேனேன்னு என் ரத்தத்தையே வச்சேன். வந்த முடிவைப் பார்த்து, மெஷின்தான் கெட்டுப்போச்சுன்னு மூணு தடவை ஓட்டினேன். மெஷின் நல்லாத்தான் இருக்கும்மா. என் ஹீமோகுளோபின் புரதத்துல கிட்டத்தட்ட பாதி, பிறவியிலேயே தப்பா உருவாகியிருக்கு.

பாதிங்கிறதால எனக்கு ஒண்ணும் ஆகாதாம். அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்டேருந்தும் அந்தக் கோளாறு வந்தாத்தான் ஆபத்துன்னு டாக்டரம்மா சொன்னாங்க. கண்ணு மஞ்சளாகி, விரலெல்லாம் வீங்கி, பிள்ளை வலியில துடிக்குமாம். அண்ணன் அப்படித்தானேம்மா போனான்?

நீயும் அப்பாவும் ரத்தம் கொடுத்துப் பாருங்க. தங்கச்சிக்கும் கல்யாணத்துக்கு முன்னாடியே பார்த்துடணும். அண்ணன் போட்டோ ஒண்ணு அனுப்பு, என்கிட்ட இல்லை.

ஷிஃப்டுக்கு நேரமாச்சு. "பிள்ளையைப் பார்த்துக்கத் துப்பில்லாதவ"ன்னு அப்பா இன்னும் உன்னைச் சொல்றாரில்ல? இந்தக் கடுதாசியை அவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லு.