ஊறப்போட்ட செடிக்கறி

சின்னக்குட்டி,

கான்கிரீட் போடக் கிளம்புகிறேன். வர ராத்திரி எட்டு மணி ஆகும். அடுப்பில் இருப்பது நீ ஆசைப்பட்ட கொரியாச் சமையல். நீ வாங்கி வைத்திருந்த செடிக்கறியில்தான், அதான் பயறில் செய்த அந்தப் போலி இறைச்சியில்தான் செய்தேன். நீ தொடாத முட்டை, நெய், மீன் எதுவும் சேர்க்கவில்லை. கரண்டியைக்கூட மூன்று தடவை கழுவினேன்.

ஒரு தப்பு நடந்துவிட்டது. சுவர் எழுப்பும்முன் செங்கல்லை நனைப்போமே, அந்தப் பழக்கத்தில் கறியையும் ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டேன். நனைக்கக் கூடாது என்று பொட்டலத்தின் கடைசி வரியில் போட்டிருக்கிறான். நான் எழுத்துக்கூட்டி அங்கே போய்ச் சேர்வதற்குள் எல்லாம் கூழாகிவிட்டது. கடலை மாவு போட்டுப் பிசைந்து மறுபடி துண்டாக்கினேன். பார்த்தால் குட்டிச் செங்கல் மாதிரி இருக்கும், சிரிக்காதே.

அன்றைக்கு இதை மாட்டுத் தீவனம் என்று சொன்னது என் வாய்க்கொழுப்புதான். அதற்காக நாலு நாளாகவா அப்பனோடு பேசாமல் இருப்பாய்?

சோறு சட்டியில் இருக்கிறது.

அப்பா

ருசி பார்க்க ஒரு துண்டு எடுத்தேன். அப்புறம் ஐந்து எடுத்தேன். தீவனம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. இதற்கென்று நீ வாங்கிய சிவப்பு மிளகாய் விழுதை டப்பா முழுக்கக் கொட்டிவிட்டேன், தெரிந்தேதான். காரம் மண்டைக்கு ஏறும், என்னைத் திட்டாமல் உன்னால் இருக்க முடியாது. எட்டு மணிக்கு வந்துவிடுவேன். வந்ததும் திட்டு.