வெடி மீது போட்ட பழி

விருதுநகர்

அன்புத் தங்கை பைரோஜாவுக்கு அண்ணன் ஜமால் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். மஸ்கட்டில் நீயும் மச்சான் சைஃபுல்லாவும் மஹ்ரீன் குட்டியும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். தினமும் போனில் பேசுகிறவனுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் ஆரம்பித்தால் நீ அழுவாய், நானும் அழுவேன், சேதி பாதியில் நின்றுவிடும். கடைசி வரியை முதலில் படிக்கிறவள் நீ. இந்த ஒரு தடவை வரிசையாகப் படி.

உன் அண்ணி யாஸ்மினுக்கு முழங்கால் வலி தேவலை. பட்டாசு சீசன் முடிந்ததால் அட்டைப்பெட்டி ஆர்டர் குறைந்து எனக்கும் ஓய்வுதான்.

விஷயம் என் பிள்ளை ரியாஸைப் பற்றியது. தீபாவளியன்று மாடியில் நின்று வாணம் பார்த்தான். காது கேளாத பிள்ளைக்கு முழுசாகக் கிடைக்கிற சந்தோஷம் அது. நேர் எதிரே விரிந்ததற்குக் கை தட்டினான். பக்கவாட்டில் விரிந்தது எதுவும் அவனுக்குத் தெரியவில்லை. பிறகு அவன் பள்ளிக்கு மதுரையிலிருந்து கண் டாக்டர்கள் வந்தார்கள். பிறவியிலேயே காது கேளாமல், போகப்போகக் கண்ணும் மங்குகிற பரம்பரைக் குறை ஒன்று உண்டாம். முதலில் இருட்டில்தான் கண் தெரியாதாம், அப்புறம் பக்கவாட்டிலும். நம் ஊரில் எத்தனை பேருக்கு என்று யாரும் எண்ணியதில்லை, அதற்குத்தான் வந்தோம் என்றார் டாக்டரம்மா. லட்சத்தில் சிலருக்கு வருவது, சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொள்கிற இடங்களில் கூடுதலாக இருக்கலாமாம். அந்தச் சிலரில் நம் ரியாஸும் ஒருவன்.

யாஸ்மின் மாசமாக இருந்தபோது ஆனைக்குட்டம் பக்கம் பட்டாசுக் கம்பெனி வெடித்ததே, அந்தச் சத்தத்தில்தான் இவன் காது போனது என்று நம்பியிருந்தோம். டாக்டரம்மா போனதும் யாஸ்மின், "அப்ப அந்த வெடியப் போயி எதுக்குங்க இம்புட்டு நாளா வஞ்சோம்?" என்றாள். அவள் என் மாமி மகள். அவளுடைய அண்ணனைத்தான் உனக்குக் கட்டிவைத்தோம்.

மஹ்ரீனுக்குக் காது கேட்கவில்லை என்றதும் அதே பழியைத்தான் போட்டோம், நீ பிரசவத்துக்கு வந்திருந்தபோது தெருவில் போட்ட சரவெடி என்று.

ரியாஸ் தைரியமாகத்தான் இருக்கிறான். இருட்டில் அவன் கைக்குள் கை வைத்துச் சைகை பேசப் பழகுகிறோம். நான் தப்பாகப் போட்டால் விரலைக் கிள்ளுகிறான்.

விளக்கை அணைத்தால் மஹ்ரீன் வீறிட்டு அழுகிறாள் என்று போன மாதம் சொன்னாய். பயந்தாங்கொள்ளி என்று எல்லோரும் சிரித்தோம். எனக்கு அது மனசை அறுக்கிறது. பிள்ளையைக் கண் டாக்டரிடம் காட்டு, தங்கச்சி. அவர் என்ன சொன்னாலும் இங்கே நாங்கள் இருக்கிறோம், ரியாஸ் இருக்கிறான். அல்லாஹ் அவளைக் காப்பாற்றட்டும். வெளிச்சம் போனால் அவளுக்கு நீயும் போய்விடுகிறாய். அவள் தூங்கும்வரை விளக்கை அணைக்காதே.

உன் அண்ணன்,
ஜமால் முகம்மது